புதன்கிழமை அப்பா

ஃபவாஸின் மனைவி இறந்து எட்டு மாதம். “குழந்தைய யாரு பாத்துக்கறா?” என்று கேட்காதவர் இல்லை, பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவரும் இல்லை. மூன்று வயது லுப்னாவை அரசாங்கம் பார்த்துக்கொண்டது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும்.

காலடிப்பேட்டை அங்கன்வாடி டீச்சர் ரமாபாய்க்கு மூன்று மையங்கள் பொறுப்பு. இங்கே திங்கள், செவ்வாய் வருவார். ஆயா இருந்தால் மற்ற நாட்களிலும் திறக்கலாம். இருந்த ஆயா ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது; சால்வை போர்த்தி அனுப்ப நிதி இருந்தது, வேறு ஆள் எடுக்க இல்லை. ஆகவே, ஒண்டுக்குடித்தனத்தில் முறைவாசல் கூட்டுவதுபோலப் பெற்றோர்கள் ஆளுக்கொரு நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஃபவாஸுக்குப் புதன்.

புதன்தோறும் கன்டெய்னர் யார்டில் அவன் லீவு. இன்னொரு புதன் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அவரிடம் நிதி இருந்தது.

படித்தவன் என்பதால் ஆயா கேட்டு மனு எழுதியது ஃபவாஸ்தான். நேரில் விசாரிக்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அதுவும் புதன்கிழமை.

காசிமேட்டில் மீன் விற்கும் வியாழக்கிழமை முறைக்காரி ஜானட் அன்று வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து தரையைப் பினாயில் ஊற்றித் தேய்த்தாள்.

“ஆள் இல்லனு எழுதியிருக்கோம்க்கா. கொஞ்சம் குப்பையா இருக்கட்டுமே.”

“இன்னா பாய் பேசுற? பெரிய மனுசன் வர்ற எடத்த கலீஜா வெச்சிகினு இருந்தா நம்மள இன்னா நெனப்பாரு? காலத் தூக்கு.”

அதிகாரி வந்தபோது இருபத்திரண்டு பிள்ளைகள் பவுடர் முகத்தோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஃபவாஸ் சாதம் போட்டுக்கொண்டிருந்தான்.

“நீங்க யாரு?”

“அப்பா சார்.”

“யாருக்கு?”

“புதன்கிழமைல எல்லாருக்கும்.”

அதிகாரி நெகிழ்ந்துபோனார். போட்டோ எடுத்தார். ‘பெற்றோர் பங்களிப்புடன் மையம் சிறப்பாக இயங்குகிறது. ஆயா பணியிடம் தற்போது தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“எனக்கு வேலை போயிடும் சார்.”

“உங்கள மாதிரி ஏரியாவுக்கு நாலு பேரு போதும் தம்பி” என்று தோளில் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மதியம் மேனேஜர் போன் செய்தார். நாளைக்கு வந்துவிடுகிறேன் என்றான் ஃபவாஸ். வேண்டாம் என்றார்.

“இன்னா பாய், மூஞ்சி பேஜாரா கீது?” என்றாள் ஜானட்.

“வேலை போயிடுச்சிக்கா.”

ஜானட் ‘த்சொ’ கொட்டினாள். பிறகு, “நாளிக்கி என் முறைதான். உனக்குத்தான் இப்ப வேலை இல்லியே, நீயே பாத்துக்கிறியா? எனக்கு ஏலத்துக்குப் போவணும்” என்றாள்.

லுப்னா அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“பாத்துக்கறேன். வெள்ளிக்கிழமை மட்டும் கேக்காதீங்க, ஜும்மா இருக்கு” என்றான் ஃபவாஸ்.