ஐயாதுரையைச் சுட்டவன்

1

இதை எழுதக் காரணம் ஒரு கல். இரண்டடிக்கு ஒன்றரை அடி, கறுப்புக் கல். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல் வெட்டுகிறவர் பட்டறையில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மூன்று வரி வெட்டியாகிவிட்டது.

ஐயாதுரை
கூமாப்பட்டி
ராம்ரி தீவுப் போர், 22-1-1945

நாலாவது வரிக்கு இடம் விட்டிருக்கிறது. சனிக்கிழமை அதை வெட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை, அவன் செத்து சரியாக ஐம்பது வருசம் முடிகிற அன்றைக்கு, சபைக் கோயில் சுவரில் பதிப்பார்கள். இன்று வியாழன். அதற்குள் நான் இதை முடித்தாக வேண்டும். முடிப்பேன்.

என் பெயர் பால்ச்சாமி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பது வருசம் பஞ்சு பிரித்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஐயாதுரையும் நானும் ஒரே கண்மாயில் மாடு குளிப்பாட்டியவர்கள், ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போனவர்கள். கல்லோடு ஒரு நினைவு மலரும் அச்சுப் போடுகிறார்கள். அதற்கு இரண்டு பக்கம் எழுதித் தரச்சொல்லி சபையின் ஜேசுதாசன் வாத்தியார் கேட்டார். கூட இருந்து பார்த்தது நான் ஒருத்தன்தான் என்றார். அது உண்மை. அதனால்தான் இத்தனை வருசம் தப்பித்தேன்.

2

முதல் வரியை நாலு விதமாக எழுதினேன்.

“வங்கக் கடலின் அலைகளைக் கிழித்துக்கொண்டு எங்கள் கப்பல்”

எதையும் கிழிக்கவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டே போனோம்.

“தாய்நாட்டின் அழைப்பை ஏற்று”

யாரும் அழைக்கவில்லை. இரண்டு வருசம் மழை இல்லை. மதுரையில் ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். போனோம்.

“வீரர்களாகிய நாங்கள்”

நாங்கள் பயனீர் படை. எங்களுக்குக் கொடுத்தது மண்வெட்டி. பெட்டி தூக்குவது, பாதை போடுவது, குழி வெட்டுவது.

“ஐயாதுரை என்னைவிட நல்ல”

இது உண்மை. ஆனால் இதில் தொடங்கினால் மேலே போக முடியவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.

3

சரித்திரம் வேண்டும் என்கிறவர்களுக்கு: பர்மாவின் மேற்குக் கரையை ஒட்டியது ராம்ரி. ஜப்பான்காரன் கையில் இருந்தது. அங்கே விமானம் இறங்க இடம் போட வெள்ளைக்காரனுக்கு அந்தத் தீவு வேண்டியிருந்தது. ஜனவரி 21 காலையில் பெரிய கப்பல்கள் கரையைப் பார்த்துச் சுட்டன, விமானங்கள் குண்டு போட்டன, பிறகு படகுகளில் பட்டாளம் இறங்கியது. நாங்கள் மறுநாள் சாமான்களோடு போனோம்.

இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. வாத்தியார் மதுரையிலிருந்து ஒரு இங்கிலீஷ் புத்தகம் கொண்டுவந்து, போன வாரம் என் எதிரில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். எங்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. முதலைக்கு ஒரு பக்கம் இருந்தது. சதுப்புக் காட்டுக்குள் ஓடிய ஜப்பான்காரர்களை நூற்றுக்கணக்கில் முதலை தின்றதாம்.

“முதலை பாத்தியளா அண்ணாச்சி?”

“நான் பாத்தது கொசு.”

அவர் சிரித்தார். அடுத்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு சிரிப்பை நிறுத்தினார்.

“எறங்குன கரையில எதுப்பு அம்புட்டா இல்லங்கான். நீங்க போனது ரெண்டாம் நாளு. பொறவு குண்டு எங்கிருந்து வந்துச்சு?”

“அந்தப் பொஸ்தகம் எழுதுனவன் எந்தப் படகுல வந்தானாம்?”

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. புத்தகத்தை மூடிக்கொண்டு போனார். எழுதுகிறவனை நான் என்றைக்கும் நம்பியதில்லை, ஊருக்கே தெரியும். அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

(புத்தகம் சொன்னது சரி. முதலை விசயம் எனக்குத் தெரியாது.)

4

பொய் பிறந்தது 1946 சித்திரையில், கூமாப்பட்டியில், அவன் வீட்டு நடைவாசலில். அவனுடைய அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எம்பிள்ளைக்கு வலிச்சுதாய்யா?”

நெஞ்சில் ஒரே குண்டு, உடனே போய்விட்டது, வலி தெரிந்திருக்காது என்றேன். அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். பக்கத்தில் தங்கச்சி ஞானபாக்கியம் நின்றாள். பதினைந்து வயது. அவள் தலையை ஆட்டவில்லை.

அம்மா இரண்டு வருசத்தில் போய்ச் சேர்ந்தாள். குண்டு போகவில்லை. வளர்ந்தது. மெசின்கன் ஆனது. இந்த மலரின் முதல் பக்கத்தில் ஐயாதுரை ஒரு கேப்டனைத் தோளில் சுமந்துகொண்டு ஓடுகிறான். அந்தக் கேப்டன் எங்கிருந்து வந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாசலைத் திறந்து வைத்தவன் நான்.

5

இந்த இடத்தில் ஞானபாக்கியத்தைப் பற்றி நல்லவள், பொறுமைசாலி என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் பொறுமைசாலி இல்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் காஸ் துணி மடித்த காலத்தில் சூப்பர்வைசரையே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். என்னைக் கூடப்பிறந்தவனாக வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு நான் போகாமல் அந்த வீட்டில் இலை போட மாட்டார்கள்.

முதல் பத்து வருசம் அண்ணனைச் சுட்ட ஜப்பான்காரன் நாசமாய்ப் போக வேண்டும் என்றுதான் ஜெபம் பண்ணினாளாம். அவளே சொன்னாள். பிறகு ஒரு ஜனவரியில், எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை, மாற்றிக்கொண்டாள். அதிலிருந்து வருசா வருசம் 22ஆம் தேதி அவனுக்காக முழங்காலில் நிற்கிறாள்.

“அவனுக்கும் வயசாயிருக்கும்லாண்ணே. பேரன் பேத்தி எடுத்திருப்பான். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.”

நான் அவள் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு, ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். முப்பத்தைந்து தடவைக்குக் குறையாது.

கல்லின் நாலாவது வரி அவளுடையது: சுட்டவனை மன்னித்தோம். அந்த வரிக்குப் பொருத்தமாக அவன் எப்படிச் சுட்டான் என்று மலரில் நான் எழுத வேண்டும்.

6

சுட்டவன் என்று ஒருத்தன் இல்லை.

7

சரி. எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கண்மாயில் நடுவில் வண்டல். கால் புதையும், ஆளை இழுக்கும். கரையை ஒட்டி மணல். தண்ணீர் கலங்கியிருந்தாலும் காலில் மணல் தட்டினால் போதும், கரை வந்துவிட்டது, இனி ஆழம் இல்லை. இது எங்களுக்கு நடக்கப் பழகும்போதே தெரியும். கடலை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

முன்பக்கக் கதவு கீழே விழுகிற படகு அது. கரை ஐம்பது அறுபது அடி இருக்கும்போது தரை தட்டி நின்றது. கதவு விழுந்தது. படகை ஓட்டிய வெள்ளைக்காரன் கையைக் காட்டி, இறங்காதே என்றான். பின்னால் எடுத்து வேறு பக்கமாக விடப் பார்த்தான். எனக்கு அவனை நம்ப முடியவில்லை. நடுத்தண்ணீரில் எங்களை வைத்துக்கொண்டு இழுத்தடிக்கிறான் என்று நினைத்தேன். கொக்கி வைத்த நீளக் கம்பு ஒன்று கிடந்தது. எடுத்துத் தண்ணீரில் குத்தினேன். இடுப்பளவு. அடியில் கெட்டி மணல்.

“மணலுதாம்லே ஐயாதுரை. எறங்கு.”

அவன் வெள்ளைக்காரனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். இறங்கினான்.

முதுகில் பேண்டேஜ் துணி மூட்டை இரண்டு, நெஞ்சுக்குக் குறுக்கே வார் போட்டுக் கட்டியிருந்தது. நாலு எட்டு நடந்தான். திரும்பிச் சிரித்தான். “கூமாப்பட்டிக் கம்மாதாண்டா” என்றான். ஐந்தாவது எட்டில் ஆள் இல்லை. நாங்கள் நின்றது கடலுக்குள் ஒரு மணல் திட்டு. அதற்கும் கரைக்கும் நடுவில் வாய்க்கால் மாதிரி பள்ளம். பஞ்சுத்துணி நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று ராஜபாளையத்துக்காரனுக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

கம்பு என் கையில் இருந்தது. உடனே நீட்டி

கம்பை நீட்டினேன். அவன் கை எட்ட

கம்பை நீட்டினேன். தாமதமாக நீட்டினேன். இதற்கு மேல் இந்த வரியைத் திருத்தப்போவதில்லை.

ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட இல்லை. கரையில் யாரோ டீ போட்டுக்கொண்டிருந்தார்கள்.

8

கதைக்கு மூன்று முடிவு வைத்திருந்தேன்.

நான் வாயைத் திறக்காமல் இருப்பது. கல் பதியும். எனக்கு எழுபத்திரண்டு வயது, சீக்கிரம் போய்விடுவேன். யாருக்கும் நோகாது. நல்ல முடிவு, எனக்கு.

வாத்தியாரிடம் புத்தகத்தைக் காட்டி நாலாவது வரியை நிறுத்தச் சொல்வது. பழி புத்தகத்துக்குப் போகும். ஒரு தடவை அதன் மேல் பழி போட்டாயிற்று.

மூன்றாவது, இந்த நோட்டை அவள் கையில் கொடுப்பது. ஒருவனை மன்னிக்க அவள் பத்து வருசம் பாடுபட்டாள். அவன் இல்லை என்று சொன்னால் அவளிடம் இருந்து அதையும் பிடுங்குகிறேனா? இதில்தான் இரண்டு நாள் நின்றேன். நின்று பார்த்ததில் தெரிந்தது, இந்தக் கேள்வியும் நான் ஒளிய ஒரு இடம்.

வாசிக்கிற மற்றவர்களே, உங்களுக்கு இதோடு சரி. இது அச்சில் உங்கள் கைக்கு வந்திருந்தால், அவள் ‘போடு’ என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கல்லில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் போய்ப் பாருங்கள். அந்த வரிக்குள் சுட்டவனைத் தேடாதீர்கள்.

9

பாக்கியம்,

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலே இருப்பதை இன்னொரு தடவை வாசி. ஏழாவதை மட்டுமாவது வாசி.

நீ யாருக்காக ஜெபம் பண்ணினாயோ அந்த ஆள் ஜப்பானில் இல்லை. ராஜபாளையத்தில் இருந்து பஸ் ஏறி வருசா வருசம் உன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறான். நீ மன்னித்தது அவனுக்குச் சேருமா, நீ யாரென்று தெரியாமல் கொடுத்ததா, அதை நான் சொல்லக்கூடாது. மன்னிப்புக் கேட்டும் இதை எழுதவில்லை. ஆள் யார் என்று சொல்லத்தான் எழுதினேன்.

கல் வெட்டுகிறவர் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உளியை எடுப்பார். அந்த வரியை வை, மாற்று, அல்லது வெறுமையாக விடு.

நான் உன் வீட்டு வாசலுக்கு வெளியேதான் நிற்கிறேன். செருப்பைக் கழற்றவில்லை.