ஒரு வீட்டுக்கு ஒரு வாய்

“வேண்டாம்னு வாயைத் தொறந்து சொல்லாட்டி, அது சம்மதம்னுதான் அர்த்தம் அண்ணி. இது நானா சொல்றதில்ல. பெரிய பெரிய ஆளுங்க காலங்காலமா யோசிச்சு எழுதி வச்சது.”

“அந்தப் பெரிய ஆளுங்கள்ல ஒருத்தராவது எங்கிட்ட வந்து கேட்டாங்களா தம்பி?”

கேட்டவள் தலை நிமிரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் சைக்கிள் ட்யூபை அமுக்கிப் பிடித்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசைகட்டி மேலே வந்தன. அந்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு ட்யூபை வெளியே எடுத்தாள்.

தெரு அவளைப் பஞ்சர்க்கா என்று கூப்பிடும். கணவன் இறந்த பிறகு சைக்கிள் கடையை அவள்தான் நடத்துகிறாள். கடைக்கென்று தனி இடம் கிடையாது. வீட்டின் முன்னறைதான் கடை. அதில் வருகிற வரும்படிதான் உள்ளறையில் அடுப்பெரிய வைக்கிறது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் கணவனின் தம்பி. கல்லூரியில் அரசியல் தத்துவம் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர். அரசாங்கத்தின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, மக்களின் உரிமை எதுவரை செல்லும் என்பதையெல்லாம் மாணவர்கள் கைதட்டும்படி பேசுவார் என்று கேள்வி. நல்ல மனுஷர். அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்திருந்தால் அவள் இந்நேரம் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள்.

விஷயம் இதுதான். அரசாங்கம் தெருவை அகலப்படுத்தப் போகிறது. இந்தப் பக்கத்து வீடுகளின் முன்னறைகள் போய்விடும். போன வாரம் தெருச் சங்கம் கூடி, ‘எல்லா வீட்டுக்கும் சம்மதம்’ என்று முடிவெடுத்திருந்தது. பேராசிரியர் அன்றைக்கு இரண்டு முறை கை தூக்கியிருக்கிறார். ஒன்று தன் வீட்டுக்கு, இன்னொன்று அண்ணி வீட்டுக்கு. தன் வீட்டுக்காகவும் கை தூக்கப்பட்ட சேதியை, காற்றடிக்க வந்த ஒருவன் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். இன்று சாயந்தரம் நகராட்சிக் கூடத்தில் அதிகாரி வந்து மக்கள் கருத்தைக் கேட்கப் போகிறார்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்கு ஒரு வாய். வீட்டுக்கு ஒருவர்தான் கூட்டத்தில் பேசலாம். அது வீட்டு ஆண். ஆண் இல்லாத வீட்டுக்கு நெருங்கிய உறவில் ஓர் ஆண் வந்து பேசுவார். முன்பு சங்கக் கூட்டங்கள் சந்தைக்கடையாக இருந்த காலத்தில், ஆளாளுக்குக் கத்தி அடிதடி வரை போனபோது, இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே அவள் கணவன்தான்.

அன்றைக்கு அவள் சிரித்தாள். இந்த வீட்டு வாய் யாருதுன்னு தெருவுக்கே தெரியுமே என்று அவனைச் சீண்டினாள். அதைத்தான் பத்திரமாக எடுத்துக்கொண்டு போகப் போகிறேன் என்றான் அவன். சொன்னபடியே செய்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் சாப்பிடும்போது கேட்பான். இவள் சொன்னதை அட்சரம் பிசகாமல் போய்ச் சொல்வான். அதனால் அந்த வழக்கத்தில் ஒரு குறை இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. குறையை மூடிவைத்திருந்தது ஒரு மனிதனின் நல்ல குணம் மட்டும்தான் என்பது, அவன் போன பிறகுதான் விளங்கிற்று. வாய் தம்பியிடம் போய்ச் சேர்ந்தது. காது அதோடு சேர்ந்து போகவில்லை.

“இந்த ரோடு அகலமா இருந்திருந்தா அண்ணன் இன்னைக்கு இருந்திருப்பாரு அண்ணி,” என்றார் பேராசிரியர் தணிந்த குரலில். “ஆம்புலன்ஸ் முக்கு திரும்ப முடியாம நின்னுச்சே. மறந்துட்டீங்களா?”

அவள் மறக்கவில்லை. அந்த மத்தியானம் கணவனைத் தள்ளுவண்டியில் கிடத்தித் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு ஓடியவள் அவள்தான். ட்யூபில் ஒட்டவிருந்த ரப்பர்த் துண்டை உப்புத்தாளில் தேய்த்தாள். தேவைக்கு மேலேயே தேய்த்தாள்.

ரோடு வேண்டாம் என்று தான் சொல்லவில்லை என்றாள். எதிர்ப்பக்கம் பார்க்கச் சொன்னாள். அங்கே தெருவின் நீளத்துக்கு ஒரு கிடங்கின் மதில் நின்றது. வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் கிடங்கு. உள்ளே எலியைத் தவிர யாருக்கும் குடித்தனம் கிடையாது. ரோட்டை அந்தப் பக்கம் தள்ளினால் என்ன? அதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். அதெல்லாம் நிபுணர்கள் அளந்து பார்த்து எடுத்த முடிவு. கிடங்கின் சொந்தக்காரர் சாதாரண ஆள் இல்லை. வழக்கு என்று போனால் வேலை இழுத்தடிக்கும். தனிமனிதர் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் பொது நன்மை நடக்கும். வேறு தெருவில் அண்ணிக்கு ஒரு கடை பார்த்துத் தருவது தன் பொறுப்பு. அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர்தான். ஆனால் யார் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது, யார் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதை நிபுணர்கள் எந்த அளவுகோல் வைத்து அளந்தார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

“போன வாரமே முடிஞ்சு போன விஷயம் அண்ணி. அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையே.”

“வாயைக் கட்டிப்போட்டுட்டு, பாரு எவ்வளவு அமைதியா இருக்கான்னு சொன்னா எப்படி தம்பி?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பில் இந்தக் கேள்வியை ஒரு மாணவன் கேட்டிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். இங்கே கேட்டது அண்ணி. அவருக்கு வருத்தமாக இருந்தது. தன்னை நம்பவில்லையா என்று கேட்டார். நம்புகிறேன் என்று அவள் சொன்னது பொய் இல்லை. அப்புறம் என்ன, சாயந்தரம் நான் பேசிக்கொள்கிறேன், நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போகும்போது வாசலில் சரிந்து கிடந்த ஒரு சைக்கிளை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் போனார். அப்படிப்பட்டவர்.

சாயந்தரம் அவள் கடையை மூடி, கையிலிருந்த கிரீஸ் போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவி, கூடத்துக்குப் போனாள். முன்னால் நாற்காலிகளில் வீட்டு வாய்கள் உட்கார்ந்திருந்தன. பெண்கள் பின்சுவரோரம் நின்றார்கள். பக்கத்து வீட்டுத் தையற்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“நீ எதுக்குடி வந்தே? கூட்டம் நெறைய தெரியணும்னுதான் நம்மள நிக்க வச்சிருக்காங்க.” பிறகு மோவாயால் முன்வரிசையைக் காட்டினாள். “அங்க பாரு, என் வீட்டு வாய். கொட்டாவி விட்டுட்டு இருக்கு.”

மேடையில் அதிகாரியைப் பார்த்ததும் பஞ்சர்க்காவுக்கு நெஞ்சில் ஒரு வெளிச்சம் வந்தது. அதிகாரி ஒரு பெண். கிட்டத்தட்ட இவள் வயதுதான். கூட்டம் தொடங்குவதற்குள் சுவரோரமாகவே நடந்து போய், மேடைப் படியருகே நின்று கேட்டாள். சைக்கிள் கடை வீடு தன்னுடையது, அதில் இருப்பதும் தான்தான், தானே பேசலாமா என்று.

அதிகாரி எரிந்து விழவில்லை. உட்காரக்கூடச் சொன்னாள். சட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றுதான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் இந்தத் தெருவின் வழக்கம் வேறு என்று சங்கத்தார் முன்கூட்டியே சொல்லிவிட்டார்களாம்.

“மக்களோட வழக்கத்துல அரசாங்கம் தலையிடக் கூடாதும்மா. அது தப்பு.”

“வீட்டுல தலையிடலாமா மேடம்?”

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சங்கத் தலைவர், போய் நில்லும்மா, உன் கொழுந்தனார் வந்திருக்காரே, அவரைவிடவா நீ நல்லாப் பேசிடுவே என்று சிரித்தார். முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் கூடச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. வீட்டில் குழந்தை பெரிய மனுஷத்தனமாக ஏதோ சொன்னால் சிரிப்போமே, அந்த மாதிரி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சுவரோரமாகவே திரும்பி வந்தாள்.

கூட்டம் வேகமாக நடந்தது. அதிகாரி வீட்டைச் சொல்லிக் கூப்பிட, ஒரு வாய் எழுந்து சம்மதம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது. தையற்காரியின் புருஷன் எழுந்து, கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, சம்மதம் என்றான். அவன் தையல் இயந்திரத்தைக் கையால் தொட்டுக்கூடப் பார்த்தவன் இல்லை. அது நிற்கிற அறைதான் போகப் போகிறது. தையற்காரி முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். கிடங்கு மதிலைப் பற்றி ஒரு வாயும் பேசவில்லை.

“சைக்கிள் கடை வீடு.”

பேராசிரியர் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் மற்றவர்களைப் போல ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொள்ளவில்லை. மக்களுக்காகத்தான் அரசாங்கம், அரசாங்கத்துக்காக மக்கள் இல்லை என்று ஆரம்பித்தார். ஓர் அரசு குடிமக்களைக் கேட்காமல் ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்க உரிமையற்றது என்றார். இன்று இந்த அரசாங்கம் நம்மைத் தேடி வந்து கேட்கிறது, இதைவிட ஜனநாயகத்துக்கு என்ன அத்தாட்சி வேண்டும் என்றார். அதிகாரி தலையசைத்தாள். பிறகு அவர் அண்ணனைப் பற்றிப் பேசினார். ஆம்புலன்ஸ் நின்றதையும் தள்ளுவண்டியையும் சொன்னபோது அவர் குரல் உண்மையிலேயே உடைந்தது. கூடத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்சுவரோரம் அவளுக்கும் கண் நிறைந்தது. அந்த வண்டியைத் தள்ளியது யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

“ஆகவே என் அண்ணன் குடும்பத்தின் சார்பாக, முழு மனதோடு…”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த முறை சுவரோரமாகப் போகவில்லை. நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் இருந்த வழியில் இறங்கி நடந்தாள். தையற்காரி அவள் முழங்கையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டாள். யாரோ ஏம்மா, ஏம்மா என்றார்கள். சங்கத் தலைவர் பாதி எழுந்தார். பேராசிரியர் வாக்கியத்தை நடுவில் நிறுத்திவிட்டு, இந்தப் பெண்மணி யார் என்பது போலப் பார்த்தார்.

அவள் அவருக்கு நேர் எதிரே வந்து நின்று கையை நீட்டினாள். எவ்வளவு கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு போகாத கை.

“நல்லாத்தான் பேசினீங்க தம்பி. ஆனா அதுல ஒரு வார்த்தைகூட என்னோடது இல்ல. கொஞ்சம் உக்காருங்க. மைக்கை இப்படிக் குடுங்க.”