தேய்ந்த துண்டு எடை கூடியது

உப்புநீரில் மூன்று பகல், மூன்று இரவு உரசிய பிளாஸ்டிக் துண்டு இளைத்துத்தானே வரவேண்டும்? பூசினாற்போல வந்திருந்தது.

"தம்பி, நாலு மில்லிகிராம் கூடியிருக்கு" என்றார் தராசு அக்கா. அந்தச் சோதனைக்கூடத்தில் எடை போடுவது அவர் வேலை. உரசிப் பார்ப்பது அவனுடையது. அதனால் எல்லோருக்கும் அவன் 'உரசல்'.

"உரசினா எப்படிக்கா வெயிட் போடும்? தினம் நடக்கிறேன், எனக்கே..."

"உனக்கே போட்டுக்கிட்டுதானே போகுது?"

சிரிக்க வேண்டிய இடம். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிளாஸ்டிக்கில்தான் ஒரு சின்ன நீர்மூழ்கியின் சுழலித் தண்டைத் தாங்கும் புஷ் வளையத்தைச் செய்திருந்தார்கள். நாளை மறுநாள் அதை முதல்முறையாகக் கடலடிக்கு ஓட்டிப்போகிறவள் அவன் தங்கை. மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் புஷ் தேய்ந்து தண்டு இறுகினால், பாறையிடுக்கில் நுழைந்த வண்டி அங்கேயே நிற்கும், உள்ளே அவளோடு. அறிக்கைத் தாளில் 'ஏற்கலாம்', 'ஏற்க வேண்டாம்' என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றில் சாயங்காலத்துக்குள் அவன் டிக் போட்டாக வேண்டும்.

உப்பு ஒட்டியிருக்குமோ என்று நல்ல தண்ணீரில் கழுவினான். துடைத்து உலர்த்தினான். தராசையே சந்தேகப்பட்டு, அக்காவின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டான். லென்ஸில் பார்த்தால் கீறல் கீறலாகத் தேய்மானம் பல்லை இளித்தது. தேய்ந்திருக்கிறது, கூடியும் இருக்கிறது.

தங்கை போன் செய்தாள். "என்னண்ணா, பாஸா ஃபெயிலா?"

"தேஞ்சிருக்கு. ஆனா எடை கூடியிருக்கு."

"காய்ச்சலா உனக்கு?"

அதற்குள், துண்டை உரசிய அழுத்தத் தொட்டியை எட்டிப் பார்த்த அக்கா, "ஜோடித் துண்டு எங்கப்பா?" என்றார்.

உரசும் துண்டோடு, அதே உப்புநீரில் உரசாத இன்னொன்றையும் தொங்கவிடுவது அங்கே வழக்கம். அந்த அழுத்தத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் குடிக்கும். ஜோடி எவ்வளவு குடித்தது என்று பார்த்துக் கழித்தால்தான் தேய்மானம் தெரியும்.

"கேமரா வைக்க இடமில்லக்கா. சும்மாதானே தொங்குதுன்னு எடுத்துட்டேன்."

"சும்மா தொங்குறதுதான்டா அதுக்கு வேலை! இந்த ஆபீஸ்ல பாதி பேருக்கு அதான் வேலை, யாரையாவது எடுத்தியா?"

குடித்தது எவ்வளவு, தேய்ந்தது எவ்வளவு? கடவுளுக்கே வெளிச்சம். அவன் இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, நடுவில் இருந்த வெள்ளை இடத்தில் 'தெரியவில்லை. தவறு என்னுடையது' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"அண்ணா, லைன்லதான் இருக்கேன்" என்றாள் தங்கை. "ஃபெயில்னு போட்டாக்கூடச் சண்டை போடலாம். தெரியலன்னா யார்கூடப் போடுறது?"

"என்கூடத்தான். திரும்ப உரச மூணு நாள் ஆகும்மா."

"கப்பல் நிக்காது. என் சீட்ல வேற ஆளை ஏத்திடுவாங்க."

"தெரியலன்னு எழுதியிருக்கிறப்ப யாரையும் கடல்ல இறக்க மாட்டாங்க."

"நிச்சயமா?"

அதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

"போனை வெச்சிடாதே" என்று சொல்லிவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு போய் மேலாளர் அறைக் கதவைத் தட்டினான்.