திறந்திருக்க வேண்டியவை

மைசூர் ஹூட்டகள்ளித் தொழிற்பேட்டையில், பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் பட்டறைகளுக்காகச் சின்ன பாய்லர்கள் செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. சுசித்ரா அங்கே கையேடு எழுதுகிறவள். எழுதுவதைவிடத் திருத்துவதுதான் அதிகம். இன்ஜினியர்கள் கைக்கு வந்த ஆங்கிலத்தில் குறிப்பு அனுப்புவார்கள். அவள் ஒழுங்கு செய்து அச்சுக்குக் கொடுப்பாள்.

சொந்த ஊர், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டித் தமிழும் புழங்கும் ஹனூர். அவள் வீட்டுப் பேச்சில் ஒரு மாடும் 'வந்துச்சு', பத்து மாடும் 'வந்துச்சு'. கல்லூரிக்கு மைசூர் வந்த புதிதில் அதே பழக்கத்தில் ஆங்கிலம் பேசி வகுப்பில் சிரிப்புக்கு ஆளானாள். அதற்குப் பிறகு ஒருமை பன்மை விஷயத்தில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வாக்கியத்தின் எழுவாயைத் தேடிப் பிடித்து, வினைச்சொல்லை அதற்கு இணங்கவைத்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவாள்.

ஜூன் மாதம், ஹனூர்ப் பக்கத்துக் கௌதள்ளியில் உள்ள ஒரு பட்டறையிலிருந்து புகார் வந்தது. புதிதாக மாட்டிய பாய்லரிலிருந்து கொதிநீர் பீறிட்டு, அந்தப் பட்டறையில் வேலை செய்யும் கௌரம்மா என்பவரின் வலது கால் வெந்துவிட்டது. பாய்லரை மாட்டியவர் சந்தோஷ்குமார், ராமாபுரத்துக்காரர், கம்பெனியில் பதினைந்து வருட சர்வீஸ். மறுநாள் காலை அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கையேடும் மேசைக்கு வரும் என்பதால் சுசித்ராவையும் உட்காரச் சொன்னார் டிசைன் பிரிவின் தலைவர் வினய்.

பாய்லரில் நீர் மட்டத்தைக் காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதன் இரு முனைகளிலும் இரண்டு கேஜ் வால்வுகள். பாய்லர் ஓடும்போது இரண்டும் திறந்திருக்க வேண்டும். அடியில் இருக்கும் டிரெயின் வால்வு, கண்ணாடியைக் கழுவும்போது மட்டும் திறப்பது. மற்ற நேரமெல்லாம் மூடியிருக்க வேண்டும்.

"இத்தனை வருஷம் பாய்லர் மாட்டினவர், டிரெயின் வால்வைத் திறந்து வெச்சுட்டு வந்திருக்கீங்க" என்றார் வினய்.

"நானாத் திறக்கலீங்க சார். புக்குல அப்படித்தானுங்க போட்டிருக்குது."

சந்தோஷ்குமார் பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார். வரியைத் தட்டுத் தடுமாறி வாசித்தார்: "செக் த டிரெயின் வால்வ் பிலோ த டூ கேஜ் வால்வ்ஸ், விச் இஸ் டு பி கெப்ட் ஓபன்." இரண்டு கேஜ் வால்வுகளுக்குக் கீழே உள்ள டிரெயின் வால்வைச் சரிபார்க்கவும்; திறந்திருக்க வேண்டியது ஒன்றென்றால் 'இஸ்', இரண்டென்றால் 'ஆர்'.

"எனக்கும் சந்தேகமாத்தானுங்க இருந்துச்சு. மேல உள்ள ரெண்டையும் சொல்றதா இருந்தா 'ஆர்' வரணும். இங்க 'இஸ்'ஸுன்னு இருக்குது. அப்ப கீழ உள்ள ஒத்தை வால்வைத்தான் திறந்து வெக்கச் சொல்றாங்க. புது மாடலு, ஏதோ மாத்தியிருப்பாங்கன்னு லேசாத் திறந்து, சொட்டற தண்ணி சாக்கடைக்குப் போறாப்பல ரப்பர் குழாய் மாட்டிட்டு வந்தேனுங்க."

அவர் மாட்டிவிட்டு வந்த மறுநாள் முழு அழுத்தத்தில் ஆவி ஏறியதும் ரப்பர் குழாய் பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

"சந்தேகம்னா போன் பண்ணியிருக்கணும், அல்வா, இல்லையா?" என்றார் வினய் தன் கன்னடம் கலந்த தமிழில். சந்தோஷ்குமார் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். அவரைப் போகச் சொன்னார்கள்.

சுசித்ரா தன் இடத்துக்கு வந்து அந்தக் கோப்பின் பழைய பிரதிகளைத் திறந்தாள். வினய் எழுதி அனுப்பிய வரியில் 'ஆர்' இருந்தது. பிப்ரவரியில் ஒரு மதியம் அதை 'இஸ்' ஆக்கியிருப்பது அவளேதான். ஓரத்தில் அவள் குறிப்பு: எழுவாய்க்கு ஏற்ப வினை திருத்தப்பட்டது. அதற்குக் கீழே வினய்யின் டிக்.

நான்கு முறை படித்தாள். 'ஆர்' போட்டாலும் வாக்கியம் சரி, 'இஸ்' போட்டாலும் சரி. திறந்திருக்க வேண்டியது எது என்பது மட்டும் மாறிவிடுகிறது. சரிபார்க்கச் சொன்னது டிரெயின் வால்வை, ஆகவே மீதியும் அதைப் பற்றித்தான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நினைத்தது ஞாபகம்கூட இல்லை. அசட்டையாகப் படிக்கிற ஒருவர் போயிருந்தால் வழக்கம்போல டிரெயின் வால்வை மூடிவிட்டு வந்திருப்பார்.

வினய்யின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் திரையில் அந்தக் கோப்பைத் திறந்து தன் டிக்கைப் பார்த்தார்.

"மாத்தறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கணும் சார்."

"நானும் படிக்காம டிக் போட்டிருக்கேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சந்தோஷ்குமாரை ரெண்டு மாசம் ஸ்டோருக்கு மாத்திட்டா விஷயம் ஆயித்து, முடிஞ்சுது. இதை யாரும் தோண்டப்போறதில்ல."

"அவர் படிச்சது சரியாத்தான் படிச்சார் சார். எழுதினதுதான் தப்பு. நான் அறிக்கையில அப்படித்தான் எழுதப்போறேன்."

"உங்க இஷ்டம்."

எழுதினாள். சந்தோஷ்குமார் ஸ்டோருக்குப் போகாமல் பாய்லர் மாட்டும் வேலையிலேயே இருந்தார். சுசித்ராவுக்கும் வினய்க்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு வினய் அவளிடம் வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. ஏற்கெனவே வெளியே போயிருந்த இருபத்து மூன்று பாய்லர்களை வாங்கியவர்களுக்கும் போன் போட்டுச் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தை சுசித்ரா மூன்றாக உடைத்தாள். கன்னடத்திலும் தமிழிலும் சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒரு தாளும் தயார் செய்தாள்.

அந்தத் தாளோடு சந்தோஷ்குமாருடன் கௌதள்ளிக்கு பஸ்ஸில் போனாள். பட்டறைக்குப் போகும் வழியில்தான் கௌரம்மாவின் வீடு. காலில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நான்தானுங்க அந்த புக்கைத் திருத்தினவ. ஒரு வார்த்தையை மாத்திட்டேன். அதனாலதான் இப்படி ஆயிருச்சு."

கௌரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வார்த்தையா?"

"ஆமாங்க."

"இங்கிலீஷ் புக்கை இங்க ஆரு கண்ணு படிக்கறா? எனக்கு என்ன தெரியும், தண்ணி வந்துச்சு, கால் வெந்துச்சு." கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகவும் இல்லை. "ஆடி கழிஞ்சாத்தான் நடக்க முடியும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சுசித்ரா தாளை எடுத்து, "இதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?" என்று கேட்டு, தமிழ்ப் பகுதியை வாசித்தாள். "கேஜ் வால்வுகள் இரண்டும் திறந்திருக்க வேண்டும். அவற்றுக்குக் கீழே டிரெயின் வால்வு உள்ளது. பாய்லர் ஓடும்போது அதை மூடி வைக்கவும்."

"எதை மூடோணும்?"

"டிரெயின் வால்வைங்க."

"அதைன்னா பாய்லரையும்தானே சொல்லலாம்? பேரைப் போட்டு எழுது கண்ணு."

சுசித்ரா பேனாவை எடுத்து 'அதை' என்பதை அடித்துவிட்டு, மேலே 'டிரெயின் வால்வை' என்று எழுதினாள். மறுபடி முழுவதும் வாசித்துக் காட்டினாள். கௌரம்மா தலையாட்டினார். சந்தோஷ்குமார் தாளை வாங்கிக்கொண்டு, ஒட்டுவதற்காகப் பட்டறைப் பக்கம் நடந்தார்.