பாக்கெட்டில் மீதி ஒன்பது

பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. எதிர்ச்சுவர் முழுக்க அந்த ஆலையில் செய்த தரை ஓடுகளைப் பதித்திருந்தார்கள். முகம் பார்க்கலாம்போல அப்படி ஒரு பளபளப்பு. அவள் முகம் பார்க்கவில்லை. ஓடுகளுக்கு நடுவே ஓடிய சிமெண்டுக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று ஆட்களுக்கு வருஷ மெடிக்கல் பரிசோதனை, டாக்டர் வந்திருக்கிறார், ஸ்டோர்காரரும் அங்கேதான் என்று ஆபீஸ் பெண் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வீட்டுக்காரர் போய் நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. இருபது வருஷம் பொடி அறையில் வேலை. ஓடு செய்வதற்கான கல்லை மாவாக அரைக்கிற இடம் அது. புருவத்திலும் காது மடலிலும் வெள்ளை அப்பிக்கொண்டு வெளியே வருவார்கள். அவர் மட்டும் அங்கேயே குளித்து, சட்டையை உதறு உதறென்று உதறி, வேறு சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். குழந்தை இருக்கிற வீடு என்பார். அப்படியும் அவர் சட்டையை ஊறப்போட்ட வாளியின் அடியில் சேறு மாதிரி ஒன்று தங்கும். ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். ஐந்தரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். ஒரு நாள் தப்பாது. கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயரே அஞ்சரை. டீக்கு நிற்கமாட்டான், சீட்டுக்கு உட்காரமாட்டான், பொண்டாட்டி முந்தானையில் கடிகாரம் கட்டி வெச்சிருக்கா என்று கேலி செய்வார்கள். அவர் அதையும் வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார்.

ஸ்டோர்காரர் ஒருவழியாக வந்து, அவர் லாக்கர் சாமான் இருந்த ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தார். ஆபீஸ் பெண் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து எழுதிக்கொண்டாள். துண்டு ஒன்று. சீப்பு ஒன்று. சாப்பாட்டு டப்பாவின் மூடி, டப்பா இல்லை. லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த, மகள் ஒன்றாம் வகுப்பில் வரைந்த வீட்டுப் படம். மூலையில் பசை காய்ந்து மஞ்சளாகியிருந்தது. கடைசியாக ஒரு சிகரெட் பாக்கெட்டும் தீப்பெட்டியும். அதைத் தொடுவதற்குக் கூச்சப்பட்டவள்போல அந்தப் பெண் பேனா முனையால் இந்தப் பக்கம் தள்ளினாள்.

அந்தப் பாக்கெட்டை அவளுக்குத் தெரியும். அவள் ஏழு மாதம் சுமந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் அவருடைய சட்டையில் புகை வாசனை அடித்தது. பையில் கைவிட்டால் இது. எப்பவாவது ஒண்ணு என்றார். எட்டு நாள் அவள் பேசவில்லை. சாதத்தைத் தட்டில் போட்டு நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு பாக்கெட் வீட்டுக்கு வரவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் வாசனை மட்டும் வரும். அவளும் ஒரு நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆலைத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பொடியும் புகையும் சேர்ந்துதான் நுரையீரலைத் தின்றுவிட்டன என்றார். பொடி என்ற சொல் அவள் காதில் ஏறவில்லை. புகை ஏறியது. பொடியை யாரிடம் போய்க் கேட்பது? கேட்பதற்குக் கட்டிலில் அவர் இருந்தார்.

"ஊதி ஊதித் தள்ளினீங்க. இப்ப நானும் பிள்ளையும் அனுபவிக்கிறோம்" என்று கேட்டேவிட்டாள்.

அவர் மூக்கின்மேல் இருந்த ஆக்ஸிஜன் மூடியை ஒரு விரலால் நகர்த்தினார். "ஆமா. தப்புதான்" என்றார். மூடியைத் திரும்ப வைக்க அவள் கை நீட்டவில்லை. அவரேதான் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் போய்விட்டார்.

ஆபீஸ் பெண் ஃபைலைத் திறந்தாள். ஆலைக் குடியிருப்பில்தான் வீடு. பொடியால் போனவர் என்று எழுதிவிட்டால் மகள் படித்து முடிக்கும்வரை அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அவள் கொடுத்த மனு திரும்பி வந்திருந்தது. அவளுக்குத் தலைகீழாக இருந்த தாள்களை அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள்.

"நீங்களே பாருங்கம்மா. வருஷா வருஷம் மெடிக்கல்ல அவரே சொல்லியிருக்காரு. புகைப்பழக்கம் உண்டு, தினமும் பத்து. கீழ அவர் கையெழுத்து. சொந்தப் பழக்கத்தால வந்ததுக்கு ஆலை பொறுப்பில்லன்னு மேல எழுதிட்டாங்க."

பதினொரு தாள்கள். பதினொன்றிலும் கடைசி எழுத்தைக் கீழே இழுத்துவிட்ட அவருடைய கையெழுத்து. அவள் தினமும் பத்து என்பதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இந்த மனுஷனின் மூச்சுக்குப் பக்கத்தில் பதினான்கு வருஷம் படுத்திருக்கிறாள். பத்து ஊதுகிற வாயா அது? பக்கத்து வீட்டு ஆண்பிள்ளை மாடிப்படியில் ஏறினாலே சிகரெட் வாசனை இவள் அடுப்படி வரைக்கும் வரும்.

பாக்கெட்டை எடுத்துத் திறந்தாள். உள்ளே இருந்த சிகரெட்டுகள் காய்ந்து, தாள் பழுப்பேறி, விரல் பட்டதும் துகள் உதிர்ந்தது. அந்த உறை கடைகளில் வருவது நின்றே பல வருஷம் இருக்கும். எண்ணினாள். ஒன்பது. இருபது இருக்க வேண்டிய பாக்கெட். மேசைமேல் தாள்கள் பதினொன்று. ஒன்பதும் பதினொன்றும் இருபது.

அவர் சிகரெட் குடிக்கவே இல்லை என்று கூட வேலை செய்தவர் யாராவது எழுதிக் கொடுத்தால் செல்லுமா என்று கேட்டாள். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒருத்தர் எழுதினால் போதும், ஆனால் ஒரு மணிக்குள் வர வேண்டும், ஃபைல் மேலே போய்விடும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொடி அறை ஆளுங்க எல்லாரும் மெடிக்கல் ரூம் பின்பக்கம்தான் நிப்பாங்க. சீக்கிரம் போங்க" என்றாள்.

பின்பக்கம், சுவர் ஓரமாக ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவளைப் பார்த்ததும் முதுகுக்குப் பின்னால் எதையோ ஒளித்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. ஆனால் புகை ஒளியவில்லை. ஒரே சிகரெட், கைக்குக் கை மாறிக்கொண்டிருந்திருக்கிறது. வரிசையின் முதல் ஆளாக ஒட்டகம் நின்றான். உயரத்தினால் வந்த பெயர். அவள் வீட்டுக்காரரோடு ஒரே இயந்திரத்தில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவன், சாவுக்கு வந்து முன்னால் நின்று தூக்கியவன்.

அவள் பாக்கெட்டைக் காட்டினாள். அவன் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"இத்தனை நாளா வெச்சிருந்தானா" என்றான்.

பிறகு சொன்னான். அவள் உண்டாகியிருந்த அந்த வருஷம், மெடிக்கலில் இருமிய மூன்று பேரைப் பொடி ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி, அதே வாரம் வேலையை விட்டும் வீட்டை விட்டும் அனுப்பினார்கள். அடுத்தது அஞ்சரையின் முறை. அவனுக்கும் அப்போதே இருமல் ஆரம்பித்திருந்தது. பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கிவந்து, உள்ளே போவதற்கு முன்னால் ஒன்றைப் பற்றவைத்து, கண்ணில் தண்ணீர் வர இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போனான். டாக்டர் மோந்து பார்த்தார். சிகரெட்டை விடு, இருமல் போய்விடும் என்று வேலைக்கு அனுப்பிவிட்டார்.

"அவன்தான் அண்ணி எங்க எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தான். உங்க கிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னான். தெரிஞ்சா வேலைக்கு விடமாட்டா, அதுக்கு அவ என்னைத் திட்டிட்டே இருக்கட்டும்னான்."

நகர்த்தி வைத்த தட்டும் பேசாத எட்டு நாளும் முன்னால் வந்து நின்றன. அந்த எட்டு நாளும் அவர் ஐந்தரைக்குத்தான் வந்தார். எப்படிப் பேசாமல் சாப்பிட்டார்? ஆமா, தப்புதான் என்றபோது அந்தக் கண்ணில் என்ன இருந்தது என்று அவள் தேடிப் பார்த்தாள். அவள் அப்போது கண்ணைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தாள்.

"இதை எழுதிக் கொடுங்க தம்பி" என்றாள். "ஒரே வரி போதும். அவர் சிகரெட் குடிக்கமாட்டார்னு."

ஒட்டகம் வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. அடித்தொண்டையில் கல்லை உருட்டுகிற அந்த இருமல், அவளுக்குப் பழகிய இருமல். மடங்கி, முழங்காலில் கையூன்றி, அது அடங்கும்வரை நின்றான். இமைகளில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது.

"அவனைப் பத்தி எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அப்புறம் என் தாளை எடுப்பாங்க. அதுலயும் அதேதான் இருக்கு அண்ணி. இவங்க எல்லார் தாள்லயும் அதேதான் இருக்கு." வாயைத் துடைத்துக்கொண்டான். "என் சின்னவளுக்கு இன்னும் பல்லே முளைக்கல."

வரிசையில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருவன் செருப்பால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இத்தனை பேரின் பிழைப்பும் தன் ஒரு வாய்க்குள் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. உள்ளே போய் டாக்டரிடம் சொல்லிவிட்டால் வீடு தங்கலாம். மகளுக்கு அறையில் சன்னல் பக்கம்தான் பிடிக்கும்.

உள்ளே ஒட்டகத்தின் முறை வந்தது. நர்ஸ் சன்னலுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். கைமாறி வந்த சிகரெட் அவனிடம் வருவதற்குள் பஞ்சு வரைக்கும் எரிந்து அணைந்திருந்தது. அவன் அதைக் கீழே போட்டுவிட்டு, வெறும் வாயோடு நின்றான்.

அவள் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினாள். தீக்குச்சியையும் அவளே உரசினாள். மூன்றாவது குச்சிதான் பிடித்தது. காய்ந்த புகையிலை சடசடவென்று எரிந்தது. அவன் இழுத்தான், கண் கலங்கியது, துப்பினான். வருஷத்துக்கு ஒரு நாள் சட்டையில் வந்த அதே வாசனை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அவன் உள்ளே போனான். நர்ஸ் தாளிலிருந்து தலை நிமிராமல் கேட்டாள். "புகைப்பழக்கம்?"

"உண்டு."

"தினம் எத்தனை?"

ஒட்டகம் சன்னல் வழியாக ஒரு முறை வெளியே பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்துச் சொன்னான்.

"பத்து."

வரிசையில் அடுத்து நின்றவன், அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான். அவள் பாக்கெட்டைத் திறந்தாள். எட்டு இருந்தது.