சும்மா நிக்கிறவரு

பெருநாள் விருந்தில் சிரிக்க வைப்பதற்காக நியூயார்க்கிலிருந்து வரவிருந்த மிமிக்ரி கலைஞருக்கு அன்று காலை தொண்டை கட்டிக்கொண்டது. அவருக்கு மட்டுமா? அவர் தொண்டையில் குடியிருந்த அத்தனை நடிகர்களுக்கும்.

கலை நிகழ்ச்சிப் பொறுப்பு என்னுடையது. கமிட்டிக் கூட்டத்துக்கு லேட்டாகப் போனதற்குக் கிடைத்த பதவி.

“நீங்களே மேடை ஏறி ஜோக் சொல்லிடாதீங்க மச்சான். பிள்ளைங்க நாளைக்கு ஸ்கூல் போகணும்,” என்றாள் என் மனைவி சுலைகா.

அப்போதுதான் மேல்வீட்டில் மகளோடு இருக்கும் கில்பர்ட் ட்ரப்ஷா ஞாபகத்துக்கு வந்தார். ஒரு காலத்தில் விஃபின் – ட்ரப்ஷா காமெடி ஜோடி என்றால் இங்கிலாந்தே டிவி முன்னால் உட்காருமாம். இந்த 2004-இல், நியூயார்க் பக்கத்துப் பிளெய்ன்ஸ்பரோவில் அவரை அடையாளம் தெரிந்தது எனக்கும் சுலைகாவுக்கும்தான். என் வாப்பா துபாயிலிருந்து வீடியோ டெக்கோடு கொண்டுவந்த ஒரே கேசட் அவர்களுடையது. காயல்பட்டினத்தில் நானும் சுலைகாவும் வளர்ந்த தெருவே அதைத் தேயத் தேயப் பார்த்தது. ஒருவருக்கும் இங்கிலீஷ் புரியாது.

அபார்ட்மென்டின் பொது லாண்டரி அறையில் காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தவரைப் பிடித்தேன்.

“தப்பான ஆளிடம் வந்திருக்கிறீர்கள்,” என்றார். “சிரிக்க வைத்தவன் ஹாரிஸ் விஃபின். அவன் ஜோக் சொல்வான், என் தலையில் சூப்பை ஊற்றுவான். நான் நிற்பேன். அவன் செத்த பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை. நாற்காலியை மட்டும் மேடையில் போட்டால் யார் சிரிப்பார்கள்?”

“எங்கள் தெரு உங்களைப் பார்த்துத்தான் சிரித்தது. சூப் வழிய வழிய ஒரு புருவத்தை மட்டும் தூக்குவீர்களே, அதற்கு!”

“உங்களுக்கு நல்ல மனசு,” என்றார், துளியும் நம்பாமல். ஜோடி சேர்ந்த காலுறைகளை மடித்துக்கொண்டே, “சரி, பழைய சூட்டைப் போட்டுக்கொண்டு வருகிறேன். இன்றைக்கும் யாரும் சிரிக்கவில்லையென்றால், அந்தச் சூட்டை வாசலில் இருக்கும் தானத்துக்கான பழைய துணிப் பெட்டியில் போட்டுவிடுவேன்.”

சாயங்காலம் கிளப்ஹவுஸ் மேடையில் கறுப்புச் சூட்டும் போ டையுமாக நின்றார். நின்றதோடு விட்டிருக்கலாம். ஹாரிஸின் ஜோக்குகளைச் சொல்ல ஆரம்பித்தார். இங்கிலாந்து ரயிலில் விற்கும் காய்ந்த சாண்ட்விச்சைப் பற்றி ஒன்று. முன்வரிசை கைக்கடிகாரத்தைப் பார்த்தது. இன்னொன்று. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “பிரியாணி தம் போட்டாச்சா, இல்லையா?”

“வாப்பா, திஸ் இஸ் பெயின்ஃபுல்,” என்றான் என் மகன் முஆத்.

ட்ரப்ஷாவின் விரல்கள் டையைத் தளர்த்த ஆரம்பித்தன. அந்தச் சூட்டு நேரே பெட்டிக்குத்தான் போகப் போகிறது என்று தெரிந்தது. நன்றி சொல்லி இறக்கிவிடலாம் என்று நான் எழுந்தேன். எனக்கு முன்னால் சுலைகா மேடையில் இருந்தாள். கையில் ரோஸ்மில்க் ஜாடி.

“எக்ஸ்கியூஸ் மீ அங்கிள்,” என்றாள் மரியாதையாக. முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ஜாடியை அவர் தலையில் நிதானமாகக் கவிழ்த்தாள்.

எனக்கு ஒரு வக்கீலைக்கூடத் தெரியாதே என்பதுதான் என் முதல் கவலை.

ரோஸ்மில்க் நெற்றியில் இறங்கி, மூக்கு நுனியில் யோசித்து நின்று, சொட்டியது. அவர் அசையவில்லை. பிறகு, மெல்ல, ஒற்றைப் புருவம் மேலே போனது.

எங்கோ ஒரு குழந்தை களுக்கென்றது. அடுத்து அதன் உம்மா. அவர் கைக்குட்டையை எடுத்தார். முகத்துக்குத்தான் என்று நினைத்தோம். சுலைகாவின் ஜாடியை வாங்கி, அதன் வாயைப் பதவிசாகத் துடைத்து, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். ஹால் வெடித்தது. பிரியாணி கேட்டவர் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார்.

அப்புறம் தலையில் துண்டோடு பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே ட்ரப்ஷா கேட்டார்: “நிஜமாகவே உங்கள் தெரு…?”

“இவருக்கு நம்ம தெருவுல பேரே வச்சிருந்தோம்ல? சும்மா நிக்கிறவரு!” என்றாள் சுலைகா. நான் மொழிபெயர்த்தேன்.

“ஹாரிஸுக்கு என்ன பெயர்?”

சுலைகா யோசித்தாள். “அந்தச் சூப்பு ஊத்துற ஆளா? அவருக்கு யாரும் பேரே வைக்கலியே.”

செத்தவரைப் பற்றி இதை எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். ட்ரப்ஷா தட்டைக் கீழே வைத்தார். குனிந்தார். தோள்கள் குலுங்கின. அழ வைத்துவிட்டேன் என்று பதறி டிஷ்யூவைத் தேடினேன்.

“பாவம் ஹாரிஸ்!” என்று நிமிர்ந்தார். கேசட் முழுக்க ஒரு தடவைகூடச் சிரிக்காத அந்த முகம், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பழைய துணிப் பெட்டியை எட்டிப் பார்த்தேன். சூட்டைக் காணோம். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்ற அபார்ட்மென்ட் சட்டத்தை மீறி, ரோஸ் நிறத் திட்டுகளோடு அது மேல்வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.