ஒரே படத்தில் நான்கு கால்கள்

படங்களுக்கு எலும்பு பூட்டி ஆட வைப்பது என் தொழில். கம்பெனிக்காக நரி, முயல், பல் துலக்க மறுக்கும் பையன் என்று எதையெதையோ நடக்க வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரரை நடக்க வைக்கப் போனபோதுதான் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அவர் லைன்மேன். கம்பத்திலிருந்து விழுந்த பிறகு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. அதற்கு முன் எடுத்த போட்டோ ஒன்றில் எங்கள் மகள் வாலு அவர் பாதங்களின் மேல் ஏறி நிற்கிறாள். திரையிலாவது அவர் நடப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அந்த அவசரத்தில், தொழிலுக்கு வந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பதை மறந்தேன். இரண்டு பேரையும் தனித்தனியாக வெட்டாமல், ஒரே படமாக வைத்தே எலும்பு போட்டுவிட்டேன்.

எடிட்டரில் ஒழுங்காக நடந்தார். ரெண்டர் எடுத்து வீடியோவாக்கினால் முழங்கால் ரப்பர் மாதிரி இழுபட்டது. எலும்பை நகர்த்திப் பார்த்தேன். எலும்பை அசைக்கும் டிரைவர் என்ற கட்டளையை மாற்றினேன். கம்ப்யூட்டரை வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தேன். கடைசியில் வெயிட்டைத் திறந்தேன். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்புக்கு எவ்வளவு கட்டுப்படும் என்ற பங்குதான் வெயிட். ஓர் எலும்பிடம் பிடுங்கினால் அது பக்கத்து எலும்புக்குப் போகும், மொத்தம் மாறாது. அவர் கால்களுக்கு அரைகுறைப் பங்குதான் இருந்தது. பிரஷ்ஷை எடுத்து, சுற்றியிருந்ததையெல்லாம் அவருக்கே பூசினேன். அவர் கால்களை மட்டும் பார்த்தேன், ரெண்டர் சுத்தமாக வந்தது.

பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. திரும்பினால் அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

"தரை சில்லுன்னு இருக்குடி," என்றார்.

அழுதார். நானும் அழுதேன்.

அப்போது சமையலறையிலிருந்து வாலு கூப்பிட்டாள். "அம்மா, எந்திரிக்க முடியல. கால் எங்க இருக்குன்னே தெரியல."

திரையைப் பார்த்தேன். சுத்தமான அந்த ரெண்டரில் அவர் நடக்க, மகளின் கால்கள் ஈரத்துணியாகப் பின்னால் இழுபட்டன. நான் அவருக்குப் பூசியது யாருடைய பங்கு என்று விளங்கியது.

அவர் போய் அவளைத் தூக்கி வந்து சோபாவில் கிடத்தினார். அவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"பழையபடி மாத்திட்டா இவ எந்திரிச்சிடுவா. ஆனா நீங்க..."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்திடு. பெத்த பிள்ளையாச்சே. தெரு முனை வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வந்துடறேன், அதுவரைக்கும் விடு."

அதையும் மறுக்க நான் என்ன கல்லா? போகச் சொன்னேன். ஜன்னலில் நின்று பார்த்தேன். முனைக்குப் போனவர் திரும்பவில்லை. பெரிய ரோட்டில் இறங்கினார்.

"அம்மா, அப்பா போகப் போக இப்ப இடுப்பும் தெரியல," என்றாள் வாலு.

போன் போட்டேன். எடுத்தார். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஓடிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஓரமா எங்கயாவது உட்காருங்க. நான் மாத்தியாகணும்."

"இன்னும் கொஞ்ச தூரம்," என்றார். சிரித்தார். விழுந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு.

"ரோட்ட விட்டு இறங்குங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

ஓட்டம் நிற்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாலு என் புடவையைப் பிடித்திருந்தாள், அந்தப் பிடியும் தளர்ந்துகொண்டே வந்தது.

பழையபடி மாற்றும் பட்டனை அழுத்தினேன்.

வாலு காலை மடக்கி எழுந்து உட்கார்ந்தாள். போன் துண்டிக்கப்படவில்லை. அதில் வண்டிகளின் ஹாரன் மட்டும் விடாமல் கேட்டது.